தேடப்படாத சிறுமியும் தேடும் சிறுமியும்
இளையோர் துப்பறியும் நாவல் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

துப்பறியும் நாவலை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்வது நமது விமர்சன மரபில் அரிதாகவே நிகழ்ந்துள்ளது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிய காலந்தொட்டு, இவ்வகை எழுத்துப் பொழுதுபோக்கு என்னும் ஒற்றைச் சொல்லால் ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. முற்போக்கு விமர்சகர்களும் இதற்கு விலக்கல்லர். பரந்துபட்ட மக்கள் எதை வாசிக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கவேண்டும் எனக் கோட்பாட்டளவில் வற்புறுத்தியவர்களே, நடைமுறையில் அந்த வாசிப்பைப் பொருட்படுத்தாது விட்டனர். இளையோருக்கென எழுதப்படும் துப்பறியும் நாவலோ இருமடங்கு புறக்கணிப்புக்கு ஆளாகியுள்ளது.

ஆயினும் மரணம் ஒன்றின் காரணத்தைத் தேடிச் செல்லும் கதை, அம்மரணம் நிகழ்ந்த சமூகத்தைப் பற்றிப் பேசாது தப்பிவிட முடியாது. யார் இறந்தால் விசாரணை நடைபெறும்? யார் காணாமற்போனால் எவரும் தேடமாட்டார்கள்? விசாரிக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது? இவ்வினாக்கள் ஒவ்வொன்றும் வர்க்கம் சார்ந்தவை. பதின்ம வயதினர் ஒருவர் தம் தோழியின் மரணத்தை விசாரிக்க முற்படும் நாவல்களில் இவ்வினாக்கள் மேலும் கூர்மையடைகின்றன. விசாரிப்பவருக்குப் பதவி இல்லை, பணம் இல்லை, சட்டத்தின் பார்வையில் முழுமையான ஆளாகவும் அவர் கணிக்கப்படுவதில்லை. அவரிடம் இருப்பது இறந்தவரோடு கொண்ட உறவு ஒன்றே.

இவ்வகையில் அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளரான ரிபனி டி. ஜாக்சன் 2018இல் வெளியிட்ட ‘மண்டேய்ஸ் நொட் கமிங்’ என்னும் நாவலை முதன்மைப்படுத்தி, இலக்கிய வகையொன்றின் உருவமும் அது சுமக்கும் சமூக உள்ளடக்கமும் எவ்வாறு மோதுகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

துப்பறியும் கதையின் தோற்றத்தை எட்கார் அலன் போ 1841இல் வெளியிட்ட சிறுகதையிலிருந்து கணக்கிடுவது வழக்கம். இலண்டன் மாநகரப் பொலிஸ் படை 1829இலும், அதன் துப்பறியும் பிரிவு 1842இலும் அமைக்கப்பட்டன என்பதை இத்துடன் இணைத்து நோக்குதல் தகும். கைத்தொழிற் புரட்சி கிராமத்தவரைப் பெருநகரங்களுக்குள் திரட்டியது. ஒருவரையொருவர் அறியாத மனிதத் திரள் உருவாகியது. திரளுக்குள் தனிமனிதனின் தடயங்கள் மறைந்தன. அத்தடயங்களை மீட்டெடுக்கும் நிபுணனாகவே துப்பறிவாளன் பிறந்தான்.

போ 1842இல் எழுதத் தொடங்கிய இரண்டாவது துப்பறியும் கதை நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. நியூயோர்க்கில் புகையிலைக் கடையொன்றில் வேலைசெய்த இளம் பெண்ணொருத்தி 1841இல் ஹட்சன் ஆற்றில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டாள். அந்த உண்மை மரணத்தைப் பரிசுக்கு மாற்றிக் கற்பனையாக்கினார் போ. ஆக, உழைக்கும் இளம் பெண்ணொருத்தியின் மரணம் இவ்விலக்கிய வகையின் தொட்டிலிலேயே இருக்கிறது. ஆனால் அக்கதையில் அவள் ஒரு புதிர் மட்டுமே. அவள் யார், எவ்வாறு வாழ்ந்தாள், அவளை இழந்தவர் யார் என்பன கதைக்குத் தேவைப்படவில்லை. பிணம் அறிவாற்றலை வெளிக்காட்டுவதற்கான வாய்ப்பாக மாறிவிடுகிறது.

பெல்ஜிய மார்க்சிய அறிஞர் ஏர்னஸ்ட் மன்டேல் 1984இல் வெளிவந்த தமது நூலில் குற்றக் கதையின் சமூக வரலாற்றை ஆராய்ந்தார். முன்னைய மக்கட் கதைகளில் நாயகனாக விளங்கிய நற்கொள்ளையன், முதலாளித்துவ ஒழுங்கு நிலைபெற்றதும் வில்லனாகவும், அவனைப் பிடிப்பவன் நாயகனாகவும் இடம் மாறியதை அவர் எடுத்துக்காட்டினார். மரபுவழித் துப்பறியும் நாவலில் குற்றம் என்பது ஒழுங்கான உலகில் ஏற்பட்ட தற்காலிகக் குலைவு. குற்றவாளி ஒருவன், அவன் பிடிபட்டதும் உலகம் பழையபடி சீராகிவிடுகிறது. அவ்வொழுங்கே குற்றத்தின் ஊற்றாக இருக்கலாம் என்ற ஐயத்துக்கு அங்கு இடமில்லை.

இவ்வடிவத்தை முற்றாகத் தள்ளிவிடுதலும் தவறாகும். கிராம்சி தமது சிறைக் குறிப்புகளில் இவ்வகை எழுத்து ஏன் இத்துணை பரவலாக வாசிக்கப்படுகிறது என்ற வினாவை ஆழ்ந்து எழுப்பினார். பிறெக்ற் துப்பறியும் நாவலை விரும்பி வாசித்ததோடு அதற்காக வாதாடியும் எழுதினார். வெளிப்படையாகத் தோன்றும் நிகழ்ச்சிக்குப் பின்னால் மறைந்துள்ள காரணத்தைத் தேடும் பழக்கத்தை அது வாசகனிடம் வளர்க்கிறது என்பது அவரது கணிப்பின் சாரம். தோற்றத்துக்கும் சாரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உணர்த்துவது எந்த விஞ்ஞானத்துக்கும் முதற்படியாகும். தேடல் எங்கே நிறுத்தப்படுகிறது என்பதே முக்கியமானது.

3

சிறுவர் துப்பறிவாளராகும் மரபு இரு வேறு வழிகளில் வளர்ந்தது. ஜேர்மனியில் எரிக் கெஸ்ட்னர் 1929இல் எழுதிய ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ என்ற கதையில், சிகையலங்காரத் தொழில் செய்யும் விதவைத் தாயின் மகன் தன் பணத்தைப் பறிகொடுக்கிறான். பேர்லின் நகரச் சிறுவர்கள் கூட்டாக இயங்கித் திருடனைச் சூழ்ந்து கொள்கின்றனர். வேலைப் பிரிவினை, தகவற்தொடர்பு, ஒழுங்கு எல்லாம் அவர்களிடையே இயல்பாக உருவாகின்றன. நாயகன் தனியொருவனாக நின்று வெல்வதில்லை. கூட்டுச் செயலே வெல்கிறது.

அமெரிக்காவில் 1930இல் தோன்றிய நான்சி ட்ரூ வேறு வர்க்கத்துக்கு உரியவள். வழக்கறிஞரின் மகளான அவளுக்குச் சொந்தக் கார் உண்டு. ஓய்வு நேரம் உண்டு. பொலிசார் அவளுக்குச் செவிசாய்ப்பர். தொடரின் முதல் நூலான ‘பழைய கடிகாரத்தின் இரகசியம்’ காணாமற்போன மரணசாசனம் ஒன்றைப் பற்றியது. அதாவது, தேடப்படுவது சொத்து. உரியவரிடம் சொத்துச் சேர்ந்ததும் நீதி நிலைநாட்டப்பட்டதாகிறது. இந்நூல்களின் உற்பத்தி உறவும் கருதத்தக்கது. ஸ்ட்ரேற்மயர் நிறுவனம் கதைச்சுருக்கத்தை வழங்க, கூலிக்கு எழுதுவோர் அதனை நாவலாக்கினர். நூலொன்றுக்கு 125 டொலர் அளவில் ஒரேமுறைக் கொடுப்பனவு. உரிமைப் பங்கு இல்லை. எழுதியவர் பெயரும் அட்டையில் இல்லை. கறுப்பின மக்களை இழிவுபடுத்திய பகுதிகளை நீக்கித் திருத்திய பதிப்புக்கள் 1959 முதலே வெளிவரத் தொடங்கின.

எஸ். ஈ. ஹின்ரன் 1967இல் எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’ அமெரிக்க இளையோர் இலக்கியத்துள் வர்க்கப் பிளவை நேரடியாகக் கொணர்ந்தது. பதின்ம வயதினரின் மரணம் அங்கு புதிராகவன்றித் துயரமாக இடம்பெற்றது. நான்சி ட்ரூவிடமிருந்து தேடலையும் ஹின்ரனிடமிருந்து துயரத்தையும் பெற்றுக்கொண்ட பிற்கால நாவல்களின் வரிசையிலேயே ஜாக்சனின் படைப்பை வைத்து நோக்கவேண்டும்.

4

கதை வாஷிங்ரன் நகரின் தென்கிழக்குப் பகுதியில் நிகழ்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகராயினும், நாடாளுமன்றத்தின் குவிமாடத்துக்கும் அனகொஸ்ரியா ஆற்றுக்கு அப்பாலுள்ள கறுப்பினக் குடியிருப்புக்களுக்கும் இடையிலுள்ள தூரம் மைல்களால் அளவிடப்படுவதன்று. குளோடியா, மண்டே என்ற இரு சிறுமியர் சகோதரிகள் போல வளர்ந்தவர்கள். கோடை விடுமுறையைப் பாட்டியுடன் கழித்துவிட்டு வரும் குளோடியா, எட்டாந் தர வகுப்பின் முதல் நாளில் தோழியைக் காணாது திகைக்கிறாள். இரண்டாம் நாளும் அவள் வரவில்லை, வாரங்கள் செல்கின்றன. மண்டேயின் தாய் நேரான விடை தர மறுக்கிறாள். தமக்கை ஏப்ரலிடமிருந்தும் தெளிவு பிறக்கவில்லை. மண்டேயைக் கடைசியாக எப்போது கண்டோம் என்பது எவருக்கும் நினைவில்லை.

குளோடியாவுக்கு எழுத்துக்களை இனங்கண்டு வாசிப்பதில் இடர்ப்பாடு உண்டு. அவளது பாடசாலை வேலைகளுக்கு இதுவரை துணைநின்றவள் மண்டே. ஆகவே தோழியின் மறைவு உணர்ச்சி இழப்பு மாத்திரமன்று; அவள் பாடசாலையில் நிலைத்திருப்பதற்கான ஆதாரமும் தகர்ந்துவிடுகிறது. மரபுவழித் துப்பறிவாளனின் முதல் ஆயுதம் வாசிப்பு. கடிதம், சாம்பல், காலடி எல்லாவற்றையும் அவன் வாசித்தறிவான். இங்கோ துப்பறிவாளரே வாசிக்க இடர்ப்படும் சிறுமி. அறிவின் மேலாண்மையால் உண்மையைக் கைப்பற்றும் தனிமனித நாயகன் என்ற கருத்தாக்கத்தை ஆசிரியர் இவ்வொரு தேர்வினாலேயே தலைகீழாக்கி விடுகிறார். குளோடியா கண்டுபிடிப்பது கூர்மதியால் அன்று, விடாது நினைப்பதால்.

விசாரணையின் போக்கும் நுணுகி நோக்கத்தக்கது. அவள் ஆசிரியையிடம் செல்கிறாள், பெற்றோரிடம் முறையிடுகிறாள், பொலிசாரை நாடுகிறாள். ஒவ்வொரு கதவும் முற்றாகச் சாத்தப்படுவதில்லை; பாதி திறந்து மீண்டும் மூடிக்கொள்கிறது. அக்கறையுள்ள ஆசிரியை உண்டு. அன்பான பெற்றோரும் உண்டு. எவரும் கொடியவரல்லர். ஆனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என நம்பி விலகுகின்றனர். வழமையான துப்பறியும் நாவல் கொன்றவர் யார் எனக் கேட்கும். இந்நாவலோ தேடாதவர் யார் என்று கேட்கிறது. முதல் வினாவுக்கு ஒருவரது பெயர் விடையாகலாம். இரண்டாவது வினாவுக்குப் பெயர்களின் பட்டியலும் போதாது. ஓர் அமைப்பையே விடையாகச் சொல்லவேண்டி வருகிறது.

உருவ அமைப்பில் நாவலின் தனிச்சிறப்பு காலத்தைக் கையாளும் முறையிலே தங்கியுள்ளது. ‘முன்’, ‘பின்’, ‘முன்னுக்கு ஓராண்டு முன்’ என்றவாறு அத்தியாயங்கள் மாறிமாறிச் செல்கின்றன. எதற்கு முன், எதற்குப் பின் என்பது நெடுநேரம் வாசகருக்குப் புலனாவதில்லை. இறுதியில் மண்டேயும் அவள் தம்பி ஓகஸ்றும் கொல்லப்பட்டு, அவர்களது வீட்டிலேயே உறைகுளிர்ப் பெட்டியொன்றில் கிடந்தமை தெரியவருகிறது. அதனைவிட அதிர்ச்சி தருவது, அவ்வுண்மை குளோடியாவுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது என்பதே. தாங்கமுடியாத உண்மையை அவள் மனம் மீண்டும் மீண்டும் அழித்துவிட, அவள் மீண்டும் மீண்டும் தேடத் தொடங்குகிறாள்.

இத்திருப்பத்தை வெறும் உத்தி என்று கொள்வோர் உளர். அது வாசகரை ஏமாற்றுகிறது என்ற குற்றச்சாட்டிலும் சிறிது உண்மை உண்டு. நடுப்பகுதியில் கால மயக்கம் தேவைக்கு மிஞ்சி நீள்கிறது. எனினும் அடிப்படையில் அது உள்ளடக்கத்தினின்று பிறந்த உருவமே. சமூகம் மண்டேயை மறந்தது. குளோடியாவோ அவள் இறந்ததை மறந்தாள். முன்னது அலட்சியத்தின் மறதி. பின்னது அன்பின் மறதி. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதற்கு நேர்கோட்டுக் காலம் உதவாது. மரபுவழி நாவலில் உண்மை வெளிப்பட்டதும் துயரம் தீர்ந்துவிடும்; இங்கு உண்மை வெளிப்பட்ட பின்னரே துயரம் தொடங்குகிறது.

5

நாவலின் பின்னணியில் உண்மை நிகழ்ச்சிகள் உள்ளன. 2008 ஜனவரியில் வாஷிங்ரன் நகரின் தென்கிழக்கில் வீடொன்றினுள் நான்கு சகோதரிகளின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அவர்கள் இறந்து பல மாதங்களாகியிருந்தன. பாடசாலைச் சமூக சேவையாளர் ஒருவர் 2007இலேயே இதுபற்றிப் பொலிசாருக்கும் சிறுவர் நலப் பிரிவுக்கும் முறையிட்டிருந்தார். குடும்பம் வேறிடம் சென்றுவிட்டதாகக் கருதிக் கோப்பு மூடப்பட்டது. 2015 மார்ச்சில் டிற்றோயிற் நகரில் சிறுமியொருத்தியும் அவள் தம்பியும் வீட்டின் உறைகுளிர்ப் பெட்டியினுள் இறந்து கிடக்கக் காணப்பட்டனர். அவர்கள் இறந்து நெடுங்காலமாகியும் எவரும் தேடியிருக்கவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் பொதுவான ஓர் உண்மை உண்டு. உடல்களைக் கண்டவர்கள் பிள்ளைகளைத் தேடிச் சென்றவர்கள் அல்லர். இரண்டு இடங்களிலும் குடியிருப்போரை வீட்டினின்று வெளியேற்றும் உத்தரவை நிறைவேற்றச் சென்றவர்களே கண்டனர். பிள்ளையின் வருகைப் பதிவு வெறுமையாய்க் கிடந்தபோது கதவு திறக்கப்படவில்லை. வீட்டின் மீதான உரிமை பிரச்சினைக்குள்ளானபோது திறக்கப்பட்டது. அரசின் கை நீளமானது என்பதில் ஐயமில்லை. அது எதற்காக நீள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாட்டு நூலும் விளக்கிவிட முடியாது.

வாஷிங்ரன் நிகழ்ச்சியின் பின் நகரபிதா சிறுவர் நலப் பிரிவின் ஊழியர் அறுவரைப் பதவி நீக்கினார். இதுவும் துப்பறியும் நாவலின் பழைய தர்க்கமே: குற்றவாளிகளின் பெயர்கள் கிடைத்துவிட்டன, ஒழுங்கு மீண்டது. வறிய குடும்பங்களுக்கான நேரடி உதவியைக் காலவரையறைக்கு உட்படுத்திய 1996ஆம் ஆண்டுச் சட்டம் எந்த விசாரணையிலும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை.

காணாமற்போவோரிலும் படிநிலை உண்டு. வெள்ளையின நடுத்தர வர்க்கப் பெண் காணாமற்போகும்போது செய்தித்துறை காட்டும் பரபரப்பை 2004இல் கறுப்பினப் பத்திரிகையாளர் குவென் ஐபில் ஒரு நோயின் பெயர் போன்ற சொற்றொடரால் எள்ளிக் குறித்தார். 2017இல் வாஷிங்ரன் பொலிசார் காணாமற்போன சிறுவரின் படங்களைத் தொடர்ந்து வெளியிடத் தொடங்கியபோது மக்களிடையே பெருங்கொதிப்பு எழுந்தது. எண்ணிக்கை முன்னரிலும் கூடவில்லை எனப் பொலிசார் விளக்கினர். அவ்விளக்கமே குற்ற ஒப்புதல் போன்றது. முன்னரும் காணாமற்போயினர், முன்னர் எவரும் பார்க்கவில்லை என்பதே அதன் பொருள்.

6

மண்டேயின் குடும்பம் வாழும் எட் பறோ என்னும் அரச குடியிருப்பு கற்பனையானது. ஆனால் தென்கிழக்கு வாஷிங்ரனின் பாரி பார்ம் போன்ற இடங்களை அது நினைவூட்டுகிறது. 1867இல் அடிமைத்தளையினின்று விடுபட்டோருக்கென 375 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, மக்கள் தம் கைகளாலேயே வீடுகளைக் கட்டிக் குடியேறிய இடம் அது. 1940களில் அங்கு அரச குடியிருப்பு எழுந்தது. இருபத்தோராம் நூற்றாண்டில் மீளபிவிருத்தி என்ற பெயரில் குடியிருப்போர் அகற்றப்பட்டு, 2010களின் இறுதியில் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. 1970இல் நகரின் மக்கட்டொகையில் 71 சதவீதமாயிருந்த கறுப்பின மக்கள் 2020இல் 41 சதவீதமளவாகக் குறைந்தனர்.

இப்பின்புலத்தில் நாவலின் தலைப்பு வேறொரு பொருளையும் பெறுகிறது. வராமற்போகிறவள் மண்டே மட்டுமல்லள். குடியிருப்போர் ஒவ்வொருவராக அகன்று, அயலவர் அயலவரை அறியாத நிலை தோன்றும்போது, ஒரு குடும்பம் இடம்பெயர்ந்ததா, ஒரு பிள்ளை இறந்ததா என்பதைக்கூட வேறுபடுத்திக் காண முடிவதில்லை. எல்லோரும் அகற்றப்பட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒருத்தி மறைவது எவர் கண்ணையும் உறுத்தாது. பெருநகரத் திரளில் தடயம் மறைதல் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய பொருள், இங்கு திரள் கலைக்கப்படுவதால் தடயம் மறைதல் என உருமாறியுள்ளது. இவ்வகை இலக்கிய வரலாற்றில் இது புதிய கட்டமாகும்.

7

நாவலின் குறைகளையும் சுட்டுதல் விமர்சகனின் கடமை. முதலாவதாக, கொலைக்குக் காரணமானவளாகத் தாய் நிறுத்தப்படுகிறாள். வறுமையும் குடிபெயர்ப்பு அச்சமும் அவளைச் சூழ்ந்திருந்தமை காட்டப்படினும், அவள் அகத்துள் வாசகர் நுழைய வழியில்லை. வறிய கறுப்பினத் தாயைச் சமூகத் தீமைகளின் ஊற்றாகச் சித்திரிப்பது அமெரிக்க ஆளும் வர்க்கத்தினரின் பழகிய வாதம். ஜாக்சன் அவ்வாதத்துக்கு உடன்பட்டவரல்லர். எனினும் பாத்திர வார்ப்பு அதற்கு எதிரான அரண் எதனையும் எழுப்பவில்லை. இரண்டாவதாக, உண்மை அறியப்பட்ட பின் அது கூட்டுச் செயலாக மாறுவதில்லை. கெஸ்ட்னரின் சிறுவர் கூட்டம் போன்ற ஒன்று இங்கு உருவாகவில்லை. தீர்வு ஒருத்தியின் உளநலத்தோடு சுருங்கிவிடுகிறது. மூன்றாவதாக, இந்நூலை வெளியிட்டது ஹாப்பர்கொலின்ஸ் குழுமம். அது நியூஸ் கோர்ப்பரேஷன் என்னும் மாபெரும் ஊடக நிறுவனத்தின் உடைமை. 2019இல் புதிய எழுத்தாளருக்கான கொறெற்றா ஸ்கொட் கிங் – ஜோன் ஸ்ரெப்ரோ விருது பெற்ற இந்நூல், தான் கண்டிக்கும் உலகின் சந்தையிலேயே விலைப்பட்டது. இதனால் அதன் உண்மை பொய்யாகிவிடாது. ஆனால் எல்லைக்குள் நின்றே அது பேசுகிறது.

இவ்விடத்து ஆஞ்சலின் பூலி 2021இல் வெளியிட்ட ‘பயர்கீப்பர்ஸ் டோட்டர்’ என்ற நாவலை ஒப்பிடலாம். மிச்சிகன் மாநிலத்தின் ஒஜிப்வே பழங்குடியினரிடையே வளரும் பதினெட்டு வயது டோனிஸ், தன் உயிர்த்தோழி கண்முன்னே சுட்டுக்கொல்லப்பட்டதும், போதைப்பொருளின் ஊற்றைத் தேடும் சமஷ்டிப் பொலிசாருக்குத் துணையாகிறாள். பழங்குடி நீதிமன்றங்கள் வெளியாரைக் குற்றவியல் வழக்கில் விசாரிக்க முடியாதென 1978இல் உச்ச நீதிமன்றம் விதித்திருந்தது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஒரு பகுதி மட்டுமே தளர்த்தியது. 2004இல் நிகழும் அக்கதையில் குற்றவாளி யாரென அறிந்தும் சட்டத்துக்குக் கை இல்லை. ஆனால் அங்கு சமூகம் உண்டு. மூத்த பெண்கள் உண்டு. நினைவும் மொழியும் சடங்கும் உண்டு. டோனிஸ் தனியளல்லள். குளோடியாவிடம் இல்லாதது இதுவே: கலைக்கப்படாத ஒரு சமூகம்.

8

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஒழுங்கை மீட்டுத் தருவதற்காகத் தோன்றிய இலக்கிய வகையொன்று, ஒடுக்கப்பட்டோர் கைக்கு வந்தபோது அவ்வொழுங்கையே விசாரிக்கும் கருவியாக மாறத் தொடங்கியுள்ளமை புலனாகும். மாற்றம் முழுமையடையவில்லை. விசாரணை குற்றத்தின் வேரை அணுகும்போதெல்லாம் பழைய உருவம் ஒரு தனிக் குற்றவாளியை முன்தள்ளி வழியை மறிக்கிறது. ஆயினும் வாசகர் மனத்தில் எஞ்சி நிற்பது கொலையாளியின் முகமன்று. வகுப்பறையில் வெறுமையாய்க் கிடந்த ஓர் இருக்கையே. இவ்வெழுத்தைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவைத்த விமர்சகர்களும் ஒரு வகையில் அந்த இருக்கையைப் பாராது கடந்துசென்றவர்களே.

பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஓயாது கேட்ட வினா எளியது: என் தோழி எங்கே? அதற்கு விடையளிக்கப் பாடசாலையாலும் பொலிசாராலும் நலப் பிரிவாலும் இயலவில்லை. அவ்வினாவைக் கேட்கும் உரிமை எவருக்கும் உரியது. அதற்கு விடை பெறும் உரிமை இன்னும் சிலருக்கே உரியதாக இருக்கிறது. அவ்விரு உரிமைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளப்பதே இவ்வகை இலக்கியம் இன்று ஆற்றக்கூடிய பணி. அதனை நிரப்பும் பணி இலக்கியத்தினால் மாத்திரம் ஆகக்கூடியதன்று.